யார் காலிலோ என் ஷூ

கண்டக்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் தெருவில் அவருக்கு இன்னும் அதுதான் பெயர். பால் போடுகிறவரும் கண்டக்டர் என்கிறார், மாடி வீட்டு வக்கீலும் கண்டக்டர் என்கிறார், கோபம் வந்தால் அவர் மனைவியும் அப்படியே கூப்பிடுகிறார். அவருக்கு அதில் வருத்தம் கிடையாது, கொஞ்சம் கர்வம்கூட உண்டு. ஓடுகிற பஸ்ஸில், எதையும் பிடிக்காமல், ஆயுசில் பாதியை நின்றே கழித்த மனிதர். டிரைவர் எப்படிப் பிரேக் போட்டாலும் பயணிகள்தான் விழுவார்கள், அவர் விழமாட்டார். கண்ணுக்குக் கண்ணாடி வந்தது, வாய்க்குப் பல்செட் வந்தது, அதையெல்லாம் அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் மட்டும் அசல் என்று மார்தட்டிக்கொண்டிருந்தார்.

அந்தக் காலைத்தான் இப்போது வீட்டில் சந்தேகப்பட்டார்கள்.

ஓய்வு பெற்றவர்கள் என்றால் காலை நீட்டிக்கொண்டு டிவி பார்ப்பார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். நம்முடைய ஆளுக்கு அது ஆகாது. காலையில் குளித்து, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, முதியோர் பாஸைப் பையில் வைத்துக்கொண்டு, வருகிற பஸ்ஸில் ஏறிவிடுவார். எந்த பஸ், எங்கே போகிறது என்பதெல்லாம் முக்கியமில்லை. கடைசி நிறுத்தம் வரை போவார், அங்கே ஒரு டீ குடிப்பார், நடப்பார், திரும்புவார். வழியில் ஏதாவது ஒரு கடையில் ஒரு நியாயமான சண்டை இருக்கும். எரியாத பல்பைத் திருப்பிக் கொடுப்பார், ஒழுகுகிற குக்கருக்கு வேறு ரப்பர் வாங்காமல் விடமாட்டார். அவர் தலையைக் கண்டாலே பாத்திரக்கடைக்காரர் குனிந்து எதையோ தேட ஆரம்பித்துவிடுவார். வாங்கிய பொருள் சரியில்லை என்றால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போகிறவர்களால்தான் உலகம் கெட்டுப்போச்சு என்பது கண்டக்டரின் கட்சி. எனக்கும் அதில் மறுப்பில்லை.

இப்படி இருந்தவர் ஒரு புது ஷூ வாங்கினார். சாம்பல் நிறம், பக்கத்தில் நீலக் கோடு. வாங்கிய சில நாட்களில் இடது கால் இழுக்க ஆரம்பித்தது. புது ஷூ என்றால் பழகக் கொஞ்ச நாள் ஆகும் என்று நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடந்தார். அப்புறம் ஒருநாள் பஸ் படியில் ஏறும்போது கால் தட்டி, கம்பியைப் பிடித்துத் தொங்கிவிட்டார். கண்டக்டர், பஸ் படியில்! அதை மாடி வீட்டு வக்கீல் பார்த்துவிட்டார். பார்த்தவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாரா? சாயங்காலத்துக்குள் மகன் காதுக்குப் போய்விட்டது.

மகன் நல்ல பிள்ளைதான். ஆனால் எல்லாவற்றையும் போனிலேயே செய்து முடிக்கிற ரகம். மறுநாளே வாசலில் ஒரு பெரிய அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. உள்ளே அலுமினியத்தில் நாலு கால் வைத்த வாக்கர். அதிசயமாக, பின்னாலேயே மகனும் தன் வீட்டிலிருந்து நேரில் வந்து நின்றான்.

"இது யாருக்குடா?" என்றார் கண்டக்டர்.

"உங்களுக்குத்தான்பா. நரம்பு டாக்டர்கிட்ட அடுத்த வாரம் டைம் வாங்கியிருக்கேன். அதுவரைக்கும் தனியா வெளிய போகாதீங்க. பஸ்ஸெல்லாம் வேண்டவே வேண்டாம்."

"சரி, டாக்டரைப் பாத்ததுக்கு அப்புறம்?"

"அப்புறமும் யோசிச்சுத்தான்பா சொல்லணும். உங்க வயசு என்ன ஆச்சு?"

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், கண்டக்டருக்கு மட்டும் அது தீர்ப்பு மாதிரி கேட்டது. இந்த வீடு, இந்த ஹால், ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடிப்படி. இனிமேல் இதுதானா? அன்றைக்கு அவர் சாப்பாட்டுத் தட்டை அப்படியே நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். வாக்கரில் மனைவி ஈரத்துண்டைக் காயப்போட்டாள். அதற்காக அவளை அவர் மனதுக்குள் நூறு தடவை வாழ்த்தினார்.

"வெளிய போறதில்லைன்னு ஆச்சு, ஷூவையாவது கழுவி எடுத்து வைங்க" என்று மனைவிதான் மறுநாள் சொன்னாள். பால்கனியில் நின்று, சேறு உதிர்வதற்காக இரண்டு ஷூவின் அடிப்பாகத்தையும் சேர்த்துத் தட்டினார். ஏதோ சரியில்லை. பின்பக்கத்தை ஒன்றாக வைத்தால் முன்பக்கம் ஒன்றாக நிற்கவில்லை. இடது ஷூ அரை விரல் அகலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு ஷூவின் நாக்கைப் புரட்டிப் பார்த்தார். வலது எட்டு. இடது ஒன்பது.

"ஏ, இங்க வா! எனக்கு ஒண்ணும் இல்லடி! காலு நல்லாத்தான் இருக்கு!"

மனைவி வந்து பார்த்தாள். இரண்டையும் கையில் வாங்கி, அவளும் ஒருமுறை தட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஊரெல்லாம் நியாயம் பேசுறீங்களே, வாங்குறப்போ ரெண்டு காலையும் போட்டுப் பாக்கலையா?"

போட்டுப் பார்க்கவில்லைதான். அந்தக் கடையில் வலது கால் ஷூவை மட்டும்தான் வெளியே அடுக்கியிருப்பார்கள். இரண்டையும் வைத்தால் ஆட்கள் போட்டுக்கொண்டே நடையைக் கட்டிவிடுவார்களாம். இடது கால் உள்ளே இருட்டறையில். விற்பனைப் பையன், "ரெண்டாவதும் கொண்டு வரட்டுமா சார்?" என்று கேட்கத்தான் செய்தான். "ஒரு கால் சரியா இருந்தா இன்னொண்ணு சரியா இருக்காதா? கட்டுப்பா, பஸ் வந்துடும்" என்றது இவரேதான். நின்று யோசித்து ஒரு காரியம் செய்கிற பழக்கம் கண்டக்டர் வேலையில் வராது.

மகனுக்குப் போன் போட்டார். அவன் சிரிப்பான், மன்னிப்புக் கேட்பான், வாக்கரைத் திருப்பி அனுப்புவான் என்று நினைத்தார்.

"ஷூ மாறிப்போனது சரிப்பா. ஆனா நீங்க செருப்புல நடக்குறப்பவும் இழுக்கிறீங்களே? நேத்து ஹால்ல நானே பாத்தேன். டாக்டர் டைமை மாத்த முடியாது."

போனை வைத்துவிட்டு, யாரும் பார்க்காத சமயம், வெறுங்காலோடு ஹாலில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். இழுக்கத்தான் செய்தது. இத்தனை நாள் பெரிய ஷூ கழன்று விழாமல் இருக்க விரல்களை மடக்கி மடக்கி நடந்த பழக்கமா, இல்லை பையன் சொல்கிற வியாதியேதானா? அவருக்குத் தெரியவில்லை. பயமாக இருந்தது. பயம் வந்தால் சிலர் படுத்துக்கொள்வார்கள், கண்டக்டருக்குக் கோபம்தான் வரும். முதலில் ஷூ, காலைப் பற்றி அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்று ஷூவைப் பையில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

"பையன் கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள் மனைவி.

"எங்கிட்ட கேக்காம போயிட்டாருன்னு சொல்லு."

"அது பொய்யும் இல்ல" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

பஸ்ஸில் ஏறும்போது அந்த பஸ்ஸின் கண்டக்டர், ஒரு சின்னப் பெண், "பாத்து ஏறுங்க தாத்தா" என்று முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். பாவம், நல்ல மனசு. இவருக்கோ உச்சந்தலை வரை சுட்டது. உட்கார இடம் கொடுத்தார்கள். உட்காரவில்லை. கம்பியைப் பிடிக்கவும் இல்லை. வளைவு வளைவாக பஸ் திரும்பியது, இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். இடது கால் நடுங்கியது. அதை அவர் யாருக்கும் காட்டவில்லை.

ஷூக்கடை குளுகுளுவென்றிருந்தது. கழுத்தில் அட்டை தொங்கவிட்ட மேனேஜர், இவர் பிள்ளையைவிடச் சின்னவர், பையில் இருந்ததைத் தொடாமலே எட்டிப் பார்த்தார்.

"மாத்திக் குடுக்குற கெடு முடிஞ்சிடுச்சு சார். அதுவும் இல்லாம யூஸ் பண்ணியிருக்கீங்க."

"ஷூவை யூஸ் பண்ணாம பூஜையா பண்ணுவாங்க? எட்டும் ஒன்பதும் ஜோடியாப் போட்டுக் குடுத்தது நீங்கதானே?"

"வீட்ல வேற யாரோடதாவது மாறியிருக்கலாம் சார்."

"எங்க வீட்ல இருக்கறது நானும் என் சம்சாரமும். அவ நீலக் கோடு போட்ட ஷூ போட்டுக்கிட்டா சமைக்கிறா?"

பக்கத்தில் பெல்ட் பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். மேனேஜர் சிரிக்கவில்லை. விற்ற பையன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். புகார் எல்லாம் தலைமை அலுவலகத்துக்குத்தானாம். ஒரு நம்பரைக் காட்டினார். கண்டக்டர் கடையின் நட்டநடுவில், வருகிற போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போகும்படி நின்றுகொண்டு, அந்த நம்பருக்குப் போட்டார். ஒரு பெண் குரல் இதற்கு ஒன்றை அழுத்து, அதற்கு இரண்டை அழுத்து என்று வரிசையாகச் சொன்னது. எல்லாவற்றையும் அழுத்திப் பார்த்தார். கடைசியில், எங்கள் ஆட்கள் எல்லோரும் வேறு வாடிக்கையாளர்களுடன் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றது.

"அத்தனை பேருக்குமா காலு மாறிப்போச்சு?" என்று அந்தக் குரலிடம் சத்தமாகக் கேட்டார். அது பாட்டு போட்டது.

மேனேஜர் இறங்கி வந்தார். "வேணும்னா ஒண்ணு செய்யலாம் சார். புதுசா ஒரு ஜோடி எடுத்துக்குங்க, விலையில கொஞ்சம் கழிச்சுத் தர்றேன்."

"தப்பாக் குடுத்தது ஒரு ஷூ. நான் எதுக்கு ரெண்டு வாங்கணும்? என்னோட எட்டு எங்க? அதைச் சொல்லுங்க. உங்ககிட்ட இருக்கா?"

"இல்ல சார். இந்த மாடல்ல எட்டு ஒத்தையா எதுவும் இல்ல."

"கடையில இல்லன்னா, அப்ப யாரோ ஒருத்தர் காலுலதானே இருக்கு?"

சண்டைக்காகச் சொன்ன வார்த்தைதான். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. அன்றைக்குப் பக்கத்து முக்காலியில் ஒருவர் உட்கார்ந்து இதே ஷூவைப் போட்டுப் பார்த்தார். ஆள் ஆஜானுபாகு, கன்னத்தை மூடுகிற மீசை. பேச்சுக் கொடுத்தபோது, தீயணைப்பு வண்டி ஓட்டி ஓய்வு பெற்றவர் என்று தெரிந்தது.

"கண்டக்டரா நீங்க? ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிறுத்தின ஆளு. நான் சிக்னல்லகூட நிறுத்தாதவன்" என்று அவர் தொடையைத் தட்டிச் சிரிக்க, இவரும் சிரிக்க, விற்பனைப் பையனும் நின்று சிரித்துக்கொண்டேதான் இரண்டு பெட்டிகளையும் கட்டினான். அந்தச் சிரிப்பில்தான் இடது கால்கள் இடம் மாறியிருக்க வேண்டும். இவருக்கு ஒன்பது வந்தது என்றால், அந்த மனிதரின் ஒன்பதாம் நம்பர் கால் எட்டில் சிக்கிக்கொண்டு கிடக்கும். இவருக்காவது ஷூ பெரிசு. அவருக்கு?

"அந்த மீசைக்காரர் நம்பரைக் குடுங்க" என்றார் மேனேஜரிடம்.

"வாடிக்கையாளர் விவரம் எல்லாம் தரக்கூடாது சார். ரூல்ஸ்."

"குடுக்காதீங்க. ஆனா ஒண்ணு. அவர் காலோட நான் இங்க திரும்பி வருவேன். ஷூவை ஜோடி பாத்துப் போடுறதுக்கும் ஒரு ரூல்ஸ் போட்டு வைங்க."

வெளியே வந்தபோதுதான் தெரிந்தது, பாத்திரக்கடைக்காரர் எதிர்ச்சாரியில் நின்று எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் மாட்டியதில் அவருக்குப் பரம திருப்தி.

மீசைக்காரர் அன்றைக்குப் பேச்சோடு பேச்சாக, தினமும் காலையில் விளையாட்டு மைதானத்தைச் சுற்றுவேன், என்னை முந்த ஆள் கிடையாது என்று பீற்றிக்கொண்டது கண்டக்டருக்கு ஞாபகம் இருந்தது. மைதானம் அடுத்த நிறுத்தம்தான். நடந்தே போனார். வாசலில் இருந்த டீக்கடைக்காரருக்கு மீசை என்று சொன்னதுமே புரிந்துவிட்டது.

"ஃபயர் டிரைவரா? அவர் வர்றதில்லைங்க இப்பல்லாம். நல்லா ராஜா மாதிரி நடந்துக்கிட்டிருந்தாரு. திடீர்னு நொண்ட ஆரம்பிச்சாரு. ஒருநாள் இங்கயே விழுந்துட்டாரு. வீட்ல உக்கார வச்சுட்டாங்க. இனிமே அவ்வளவுதான்னு பேசிக்கிறாங்க."

கண்டக்டர் குடித்துக்கொண்டிருந்த டீயை வைத்துவிட்டார். "வீடு எங்க?"

தெருக்கோடியில் பச்சை கேட். மணி அடித்ததும் ஒரு பெண் வந்தாள். காதில் மாட்டிப் பேசுகிற கருவி கழுத்தில் கிடந்தது, வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறவள் போலிருக்கிறது. மீசைக்காரரின் மகள். கேட்டைத் திறக்காமலே, "அப்பா யாரையும் பாக்கறதில்லைங்க, உடம்பு சரியில்ல" என்றாள்.

"உடம்பைப் பாக்க வரலம்மா. அவர் ஷூவைப் பாக்க வந்திருக்கேன்."

கிழவருக்கு மூளை பிசகிவிட்டதோ என்று அவள் ஒரு பார்வை பார்த்தாள். அதற்குள் உள்ளேயிருந்து, "யாரு அது?" என்று ஒரு குரல் வந்தது. அன்றைக்குக் கடையையே அதிரவைத்த குரல், இப்போது தொண்டையோடு நின்றது.

"ஸ்டாப்புக்கு ஸ்டாப்பு நிறுத்துற ஆளு!" என்று இவர் கேட்டுக்கு மேலாகக் கத்தினார்.

உள்ளே டிவிக்கு எதிரில் நாற்காலி. முக்காலியில் தூக்கி வைத்த இடது கால், கட்டைவிரலில் கட்டு. மீசையைக்கூட யாரோ சௌகரியத்துக்காகக் கத்தரித்துவிட்டிருந்தார்கள். அந்தப் பெரிய உடம்பு நாற்காலிக்குப் பழகிப்போய்க் கிடந்ததைக் கண்டக்டர் பார்த்தார். தன் வீட்டு ஹாலையே அங்கே பார்த்த மாதிரி இருந்தது.

"வாங்க கண்டக்டர். பாருங்க, வண்டி ஷெட்டுக்கு வந்திருச்சு."

"ஷெட்டாவது ஒண்ணாவது. அம்மா, அப்பாவோட சாம்பல் கலர் ஷூ இருக்கா?"

"வாட்ச்மேனுக்குக் குடுக்கலாம்னு எடுத்து வச்சிருக்கேன்" என்றாள்.

கொண்டு வந்தாள். கண்டக்டர் தரையில் உட்கார்ந்து, நாலு ஷூவையும் வரிசையாக வைத்து, நாக்கைப் புரட்டிப் புரட்டிக் காட்டினார். டிவி தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மீசைக்காரர் தன் இடது ஷூவை வாங்கி, அந்த எட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"டாக்டர் நரம்புன்னாரு. இவ வயசுன்னா. நானும் ஆமான்னுதானே உக்காந்துட்டேன்? வலிக்குதுன்னு சொன்னவன், ஷூவைக் கழட்டிப் பாக்கத் தோணலையே எனக்கு."

"எனக்கு மட்டும் தோணிச்சா? கழுவப் போயித் தெரிஞ்சுது. போடுங்க இதை."

தன் பையிலிருந்த ஒன்பதை அவர் காலில் மெதுவாக மாட்டி, கட்டு உறுத்தாமல் நாடாவைத் தளர்த்திக் கட்டினார். தன்னுடைய எட்டைத் தானும் மாட்டிக்கொண்டார். பொருந்தியது. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! மீசைக்காரர் நாற்காலியின் இரண்டு கைகளையும் ஊன்றி எழுந்தார். ஹாலைத் தாண்டி வாசல் நடை வரை இருவரும் நடந்தார்கள்.

இழுத்தது. அவருக்கும் இழுத்தது, இவருக்கும் இழுத்தது. மீசைக்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டார். கண்டக்டர் தன் காலைக் குனிந்து பார்த்தார். சரியான ஷூ, சரியான அளவு, ஆனாலும் இடது பாதம் தரையை ஒருமுறை உரசிவிட்டுத்தான் எழுந்தது. கடைக்காரன் மேல் போட்ட பழியெல்லாம் தீர்ந்த பிறகும் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அந்த மிச்சத்தைத் தூக்கி எறிய எந்தக் கவுண்ட்டரும் கிடையாது.

"பாத்தீங்களா?" என்றாள் மகள். குரல் உடைந்துவிட்டது. "ஷூவை மாத்தியும் இழுக்குது. அம்மாவும் இல்ல. மைதானத்துல விழுந்தப்போ யாரோ ரெண்டு பேர் தூக்கிட்டு வந்தாங்க. எனக்குப் பயமா இருக்காதா? வந்து உக்காருங்கப்பா, ப்ளீஸ்."

அந்த நேரம் பார்த்து கண்டக்டரின் போன் அடித்தது. மகன்தான்.

"அப்பா, எங்க இருக்கீங்க? அம்மாகிட்ட கேட்டா சரியாவே பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நான்தான் போகாதீங்கன்னு சொன்னேன்ல?"

"டேய், கேளு. ஷூ கிடைச்சிடுச்சு. போட்டும் பாத்துட்டேன். நீ சொன்னது நிஜம், காலு கொஞ்சம் இழுக்கத்தான் செய்யுது."

அப்பா ஒப்புக்கொள்வார் என்று அவன் எதிர்பார்க்கவில்லை.

"அதனால டாக்டரைப் பாக்கறேன். நானே பஸ்ஸுல போய்ப் பாத்துக்கறேன். அவரு என்ன வேணா சொல்லட்டும். இழுக்கறது என் காலு, அதை எங்க இழுத்துக்கிட்டுப் போறதுன்னு நான்தான் முடிவு பண்ணுவேன். வாக்கரைத் திருப்பி அனுப்பு. வேணும்னு ஆச்சுன்னா கடைக்குப் போய், நாலு காலையும் சரி பாத்து, நானே வாங்கிக்கறேன்."

போனைப் பையில் போட்டார். மீசைக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சுவரிலிருந்து கையை எடுத்துக் கண்டக்டரின் தோளில் வைத்தார். கனமான கை.

"மைதானம் ஒரு சுத்து?" என்றார்.

"ஒரு சுத்து முடியாது. பாதி தூரம் போவோம். முடியலன்னா அங்கயே உக்காருவோம்."

"அப்பா!" மகள் ஓடிவந்து கேட்டுக்குக் குறுக்கே நின்றுகொண்டாள். கண்ணில் தண்ணீர்.

மீசைக்காரர் நொண்டிக்கொண்டே அவளுக்கு எதிரில் போய் நின்றார். அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டார். அப்புறம், கடையை அதிரவைத்த அந்தப் பழைய குரலில் சொன்னார்:

"பயமா இருந்தா பின்னாடி வாம்மா. வழியில நிக்காதே."

அவள் ஒதுங்கினாள். இரண்டு பேரும் இழுத்து இழுத்துத் தெருவில் இறங்கினார்கள். கொஞ்ச தூரம் போனதும், அவள் கழுத்திலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு பின்னாலேயே வந்தாள்.